எத்தனை லிட்டர் கிரைண்டர்? உளுந்தை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

"வீட்ல எத்தனை பேரு? நாலு பேரா? அப்ப ரெண்டு லிட்டர் எடுத்துக்கங்க." கிரைண்டர் வாங்கப் போனால் கடையில் முதலில் காதில் விழுவது இதுதான். ஆனால் தலைக்கணக்கைக் கொண்டு கிரைண்டர் அளவை முடிவு செய்ய முடியாது. ஒரு தடவைக்கு எவ்வளவு உளுந்து போடுகிறீர்கள், வாரத்துக்கு எத்தனை தடவை ஆட்டுகிறீர்கள், ஆட்டி முடித்ததும் டிரம்மைத் தூக்கப்போவது யார் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் அளவு தானாகத் தெரிந்துவிடும். இரண்டே பேர் இருக்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஆட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் 2 லிட்டர் தேவைப்படும். ஐந்து பேர் இருந்தும், புளித்த மாவு பிடிக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டுகிற வீட்டுக்கு 1.25 லிட்டரே போதும்.

முதலில் அந்த லிட்டர் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருப்பது மாவின் அளவு. நீங்கள் ஊறப்போடும் அரிசியின் அளவு அல்ல. ஒரு கிலோ இட்லி அரிசி ஊறி, தண்ணீர் சேர்ந்து அரைபட்டு வரும்போது ஏறக்குறைய 2 லிட்டர் மாவாகிவிடும். அதை 2 லிட்டர் டிரம்மில் போட்டால் விளிம்பு வரை ஏறி, சுற்றும்போது வழியும். வழிகிற மாவு அடியில் இறங்கி பெல்ட்டை நனைக்கும். அதனால் மேடை மேல் வைத்து ஓட்டும் 2 லிட்டர் 'டேபிள் டாப்' கிரைண்டரில் ஒரு தடவைக்கு 600 முதல் 700 கிராம் அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். உளுந்து இன்னும் அதிகமாகக் காணும் என்பதால் 200 முதல் 250 கிராமோடு நிறுத்த வேண்டும். 200 மில்லி டம்ளரில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு, ஒரு டம்ளர் உளுந்தும் சரி, ஒரு டம்ளர் அரிசியும் சரி, சுமார் 170 கிராம் நிற்கும். நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து என்பது 2 லிட்டர் கிரைண்டருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அதில் 50 இட்லியை ஒட்டி வரும்.

மேல் வரம்பைப் பற்றியாவது கடைக்காரர் சொல்லுவார். கீழ் வரம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2 லிட்டர் டிரம்மில் 100 கிராம் உளுந்தைப் போட்டால், அது குழவிக்கு அடியில் நிற்காமல் டிரம் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஓரத்து மாவைத் தள்ளிவிடும் பிளாஸ்டிக் தகடு அந்த உயரத்தில் எட்டாது. குழவியும் அடிக்கல்லும் நேருக்கு நேர் உரசி, கரகரவென்று சத்தம் வரும். பாதி நேரம் கரண்டியால் வழித்துவிட்டுக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும், மாவும் பொங்காது. 150 கிராமுக்குக் குறைவாக உளுந்து போடுகிற வீட்டுக்கு 2 லிட்டர் கிரைண்டர் பெரியது. "இருக்கட்டும், பின்னால் ஆகும்" என்று பெரிதாக வாங்கி வைத்தால், தினசரி வேலைதான் கெடும். 1.25 லிட்டர் இயந்திரம் 75 கிராம் உளுந்தைக்கூட ஒழுங்காக ஆட்டும்.

இந்த இடத்தில் ஒன்றை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. கிரைண்டரே தேவைப்படாத வீடுகளும் உண்டு. தோசையும் அடையும்தான் அதிகம், இட்லி எப்போதாவது, உளுந்து 100 கிராமுக்கு மேல் போவதில்லை என்றால் 750 வாட் மிக்சி போதும். அடைக்கு ரவை பதம் வேண்டும் என்பதால் அதற்கு மிக்சியே மேல். உளுந்தை ஃபிரிட்ஜில் ஊறவைத்து, குளிர்ந்த தண்ணீர் தெளித்து, அரை நிமிடம் ஓட்டி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஓட்டினால் சூடேறாமல் அரைக்கலாம். ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது.

ஆனால் இட்லி பஞ்சு போல வர வேண்டும், வடை மாவு பந்தாகத் திரள வேண்டும் என்றால் கல்லுக்கு மாற்று இல்லை. மிக்சி பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி உளுந்தை வெட்டுகிறது, வெட்டும்போதே சூடாக்குகிறது. கல் மெதுவாகச் சுற்றி நசுக்குகிறது, மாவை மடித்து மடித்துக் காற்றை உள்ளே இழுக்கிறது. உளுந்தில் இருக்கும் பிசுபிசுப்பான மாவுப்பொருளும் புரதமும் சேர்ந்து அந்தக் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கின்றன. புளிக்கும்போது உண்டாகும் வாயுவும் அதே பிசுபிசுப்பில்தான் தங்குகிறது. அரிசிக்கு இந்தக் குணம் கிடையாது. அதற்கு அரைபட்டால் போதும். அதனால் அவசர நாளில் உளுந்தைக் கிரைண்டரிலும் அரிசியை மிக்சியிலும் அரைத்துக் கலக்கலாம், இட்லியில் பெரிய வித்தியாசம் தெரியாது. அரிசியைக் கிரைண்டரிலும் உளுந்தை மிக்சியிலும் அரைத்தால் வேலை தலைகீழாகிவிடும்.

கிரைண்டர் நேரம் எடுப்பதால் கரண்ட் அதிகம் இழுக்கும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டேபிள் டாப் மோட்டார் பெரும்பாலும் 150 வாட். உளுந்துக்கு 30 நிமிடம், அரிசிக்கு 20 நிமிடம் என்று 50 நிமிடம் ஓடினால் 0.125 யூனிட். 750 வாட் மிக்சி பத்து நிமிடம் ஓடினாலும் அதே 0.125 யூனிட்தான். கரண்ட் பில்லை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

கல்லில் என்ன வித்தியாசம்

டேபிள் டாப்பில் டிரம்தான் சுற்றும், குழவிகள் தண்டில் மாட்டி ஓரிடத்தில் நின்று உருளும். உருளை வடிவக் குழவி இரண்டு உள்ளவை ஒரு வகை, கூம்பு வடிவக் குழவிகள் உள்ளவை இன்னொரு வகை. கூம்பு என்றதும் விலை ஏறும். அதற்கு அர்த்தமும் இருக்கிறது. தட்டையான அடிக்கல் சுற்றும்போது அதன் நடுப்பகுதி குறைந்த தூரம் போகிறது, ஓரம் அதிக தூரம் போகிறது. மேலே இருக்கும் உருளைக் குழவியோ முழு நீளத்திலும் ஒரே தடிமன். ஆகவே அது ஒரு பக்கம் உருண்டால் இன்னொரு பக்கம் இழுபட்டாக வேண்டும். கூம்பு, நடுவில் மெலிந்து ஓரத்தில் பருத்திருப்பதால், முழு நீளத்துக்கும் ஒட்டி உருளும். தேய்மானமும் உரசல் சூடும் குறையும். இழுபடுவதும் ஒருவகை அரைப்புதான் என்பதால் உருளைக் குழவி மோசமாக அரைக்கும் என்று சொல்ல மாட்டேன். கழுவுவது என்று வந்தால் இரண்டு உருளைக் குழவிகளே எளிது. கூம்புக் குழவிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சட்டத்தின் சந்துகளில் மாவு தங்கும். உடனே கழுவாவிட்டால் காய்ந்து கல்லாகிவிடும்.

டில்டிங் கிரைண்டர் யாருக்கு என்று கேட்டால், டிரம்மைத் தூக்க முடியாதவர்களுக்கு. டேபிள் டாப்பில் அடிக்கல்லோடு சேர்ந்த டிரம்மை, உள்ளே ஒன்றரை இரண்டு கிலோ மாவு இருக்கும்போது, தண்டிலிருந்து நேராக மேலே உருவி எடுக்க வேண்டும். மணிக்கட்டு வலி, இடுப்பு வலி உள்ளவர்களுக்கு இதுதான் சிக்கல். கடையில் காலி டிரம்மைக் குழவியோடு ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். அதுவே கனமாகத் தெரிந்தால் அந்த மாடலை விட்டுவிடலாம். தினமும் தூக்கப்போகிறவர் கூட வந்திருந்தால் அவரையே தூக்கச் சொல்லுங்கள். டில்டிங்கில் கைப்பிடியை இழுத்தால் டிரம் சாய்ந்து மாவு பாத்திரத்தில் விழும், தண்ணீர் ஊற்றிச் சுற்றவிட்டு அதே இடத்தில் கழுவலாம். அதற்குப் பதிலாக அது ஓரிடத்தில் நிலையாக இருக்க வேண்டும். பக்கத்தில் தண்ணீர் போக வழி வேண்டும். தரையில் வைக்கும் மாடல் என்றால் குனிய வேண்டும், முட்டிவலிக்காரர்களுக்கு அது உதவாது. மேடையில் வைக்கிற டில்டிங் மாடல்களும் வருகின்றன, இடம் இருந்தால் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு என் முதல் சிபாரிசு அதுதான்.

பழைய பாணியில் பெரிய உரலும் ஒற்றைக் குழவியுமாக வரும் கிரைண்டர் இன்று மாவு விற்பவர்களுக்கும் ஓட்டலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும்தான். கோயம்புத்தூரில் 1955ஆம் ஆண்டில் பி. சபாபதி என்பவர் மோட்டார் பொருத்திய கிரைண்டரைத் தயாரிக்கத் தொடங்கினார். அந்த ஊரே அதன் பிறகு கிரைண்டருக்குப் பேர் போனது. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. பெயர் தெரியாத மாடலை வாங்குவதாக இருந்தால், கோவையில் உதிரி பாகம் எளிதாகக் கிடைப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் உங்கள் ஊரில் சர்வீஸ் யார் செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அந்த பிராண்டை வாங்குங்கள். எனக்கு விளம்பரத்தைவிட அது முக்கியமாகப் படுகிறது.

தேங்காய்த் துருவி, மாவு பிசையும் கருவி என்று கூடவே தருவதற்குக் கூடுதலாகப் பணம் கேட்பார்கள். வாரத்தில் மூன்று நாளாவது சப்பாத்தி போடுகிற வீட்டில் பிசையும் கருவி பயன்படும், அதுவும் ஒரு தடவைக்கு அரை கிலோ அளவுக்கு. துருவியைப் பெரும்பாலான வீடுகளில் முதல் மாதத்துக்குப் பிறகு எடுப்பதில்லை. டைமர் மட்டும் காசு கொடுத்து வாங்கத் தக்கது. உளுந்தை மறந்து அதிக நேரம் ஓடவிட்டால் சூடேறி, பொங்கிய மாவு அமுங்கிவிடும்.

வாங்கிய வாரமே செய்ய வேண்டிய சோதனை

புதுக் கல்லில் தூள் இருக்கும். பழைய அரிசியோ தவிடோ ஒரு கைப்பிடி ஊறவைத்து, பத்து நிமிடம் ஆட்டிக் கொட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்த பிறகு, அரைத்ததை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து அடியில் பாருங்கள். கருப்பு மணல் படிந்தால் இன்னொரு தடவை ஆட்ட வேண்டும்.

பிறகு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், உளுந்தில் ஒரு சோதனை. முழு வெள்ளை உளுந்து 200 கிராமை 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். மூன்று நாலு மணி நேரம் ஊறினால் மாவு அவ்வளவாகக் காணாது. கிரைண்டரை ஓடவிட்டு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மொத்தத்தையும் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினால் குழவி சிக்கி மோட்டார் திணறும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து, மொத்தம் 300 முதல் 400 மில்லி வரை சேர்க்கலாம். உளுந்து புதுசா பழசா என்பதைப் பொறுத்து இது கூடக் குறைய இருக்கும். 25 முதல் 30 நிமிடத்தில் மாவு பளபளவென்று எழும்பி நிற்க வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். விரலால் தொட்டால் வெதுவெதுப்புகூட இருக்கக்கூடாது. 30 நிமிடம் கழிந்தும் விரலில் குருணை தட்டுப்பட்டால் குழவி அடிக்கல்லோடு சரியாக ஒட்டவில்லை என்று பொருள். முதலில் குழவியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பூட்டைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் குழவி எம்பி எம்பிக் குதிக்கும். அளவுக்கு மீறி முறுக்கினால் டிரம் நின்று நின்று ஓடும். பூட்டு சரியாக இருந்தும் குருணை நின்றால், யோசிக்காமல் மாற்றிக் கேளுங்கள்.

மின்சார விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். ஈரக் கையோடு தொடுகிற இயந்திரம் இது. மூன்று முள் பிளக் உள்ளதையே வாங்குங்கள், வீட்டு சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். டிரம்மை எடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். உடம்புப் பகுதியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஓடாமல் நின்றால்

2011இல் தொடங்கித் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. அந்தக் கிரைண்டர்கள் இன்னும் பல வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. அவற்றில் பல, சில நூறு ரூபாய் வேலையில் உயிர் பெறக்கூடியவை. புதிது வாங்கும் முன் பழையதை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நியாயம்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, டிரம் மட்டும் நிற்கிறது என்றால் பெல்ட். கெட்டியான உளுந்து விழும்போது மட்டும் நின்று, தண்ணீர் ஊற்றினால் மறுபடி சுற்றினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது நனைந்திருக்கிறது. அடிமூடியைக் கழற்றினால் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெரியும். அவற்றைத் தளர்த்தி, மோட்டாரைக் கொஞ்சம் தள்ளி இறுக்கினால் பெல்ட் விறைக்கும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே போக வேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங் சீக்கிரம் போய்விடும். விளிம்பு வெடித்த பெல்ட்டை இறுக்கிப் பயனில்லை. அதில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் அதே எண் வாங்குங்கள்.

"ம்ம்ம்" என்று உறுமல் மட்டும் வந்து மோட்டாரே சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர். அதே மைக்ரோஃபாரட் மதிப்பில் மாற்ற வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் இதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். சத்தமே இல்லை என்றால், அதிகச் சுமையால் மோட்டார் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கலாம். அரை மணி நேரம் ஆறவிட்டு, மாடலில் சிவப்புப் பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

மாவில் சாம்பல் நிறக் கோடோ கருப்புத் துளியோ தெரிந்தால் குழவியின் துளைக்குள் இருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. குழவியைத் தண்டில் மாட்டி அசைத்துப் பாருங்கள், லொட லொடவென்று ஆடும். கல் மழுங்கிவிட்டது என்று முழு செட்டையே மாற்றச் சொல்வார்கள். 25 நிமிடத்தில் முடிந்த உளுந்து 40 நிமிடம் ஆகிறது என்றாலும் முதலில் புஷ்ஷையும் பூட்டின் ஸ்பிரிங்கையும் மாற்றிப் பார்த்த பிறகுதான் கல்லைக் குறை சொல்ல வேண்டும். கல் கொத்துவது பெரிய உரல் கிரைண்டருக்குத்தான். டேபிள் டாப் கல்லில் உளி வைக்க வேண்டாம்.

சரிசெய்யாமல் விட்டுவிட வேண்டியது ஒன்று உண்டு. அடிக்கல்லும் ஸ்டீல் டிரம்மும் சேரும் ஒட்டு விட்டுப்போய், அந்த இடுக்கில் மாவு புகுந்து நாறத் தொடங்கினால், ஹார்டுவேர் கடைப் பசையை வாங்கி அடைக்காதீர்கள். அது சாப்பாட்டுப் பொருளில் படத் தகுந்ததல்ல. டிரம்மையே மாற்ற வேண்டும், அதன் விலை புதுக் கிரைண்டரில் பாதிக்கு மேல் என்றால் அப்போது புதிது வாங்குங்கள். புதிதோ பழையதோ, கழுவிய டிரம்மின் அடிப்புறத்தைத் துடைக்காமல் ஈரத்தோடு தண்டில் மாட்டுவதுதான் பெல்ட்டுக்கும் பேரிங்குக்கும் எமன். கவிழ்த்து உலரவிட்டு மாட்ட வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சிங்கப்பூர், பிரிட்டன், துபாய் போன்ற இடங்களில் இந்தியாவைப் போலவே 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட்டை ஒட்டிய மின்சாரம் என்பதால் பிளக்கை மாற்றினால் நம் ஊர் கிரைண்டர் ஓடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 110, 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை ஏற்றித் தரும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், டிரம் விளிம்பில் மாவு தெறிக்கும், மோட்டாரும் சூடாகும். அங்கே போகிறவருக்கு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் "110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று அடியில் உள்ள தகட்டிலேயே அச்சிட்டிருக்கும் மாடலை எடுங்கள், கூடவே ஒரு பெல்ட்டும் ஒரு செட் புஷ்ஷும் பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.